அண்ணன் வண்டியின் ஸ்டீரிங்

காவல் நிலையத்திலிருந்து வண்டியை லாரியில் ஏற்றி வந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் இறக்கியபோது அம்மா வெளியே வரவில்லை. நான்தான் நின்று பார்த்தேன். முன் கண்ணாடி போயிருந்தது. பானெட் மடங்கியிருந்தது. ஸ்டீரிங் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன். இறக்கிய ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடையைத் திறக்கப் போனேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வருடம் ஒரு வாரம் முழுக்க பஸ் ஓடவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மறியல் முடிந்ததும் மரங்களை உருட்டி ஓரத்தில் விட்டார்கள். வாடகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், ஒரு வாரமாகச் சும்மா கிடந்த எரிச்சலில், சாலை திறந்த முதல் நாள் விடியற்காலையே உளுந்தூர்ப்பேட்டைக்கு ஒரு சவாரியை இறக்கப் போனார். திரும்பி வருகையில் தியாகதுர்கத்துக்குக் கிழக்கே ஒரு மரத்தின் அடிப்பாகம் சாலைமேல் நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் அது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தூங்கிவிட்டார் என்றார்கள், ஸ்டீரிங் கழன்றுவிட்டது என்றார்கள், மறியல்காரர்களிடம் வம்பு வளர்த்தார் என்றும் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் வெறுப்புகூட வரவில்லை. டம்ளர்களைப் பொறுக்கி உள்ளே வைத்தேன்.

அண்ணி இத்தாவில் இருந்தார். முஸ்லிம்களான எங்களில் கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல், நகை, பூ எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. கூடப்பிறந்தவனைப்போல அவர் கையால் சோறு தின்ற நானும் மார்க்கப்படி அந்நிய ஆண்தான். ஒரே வீட்டில் அவர் இருமுவது எனக்குக் கேட்கும், நான் செருப்பைக் கழற்றுவது அவருக்குக் கேட்கும். முகம் பார்த்துக்கொள்ள முடியாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் அம்மா வழியாகத்தான் வரும். என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்ததால் வீட்டில் அம்மா, அண்ணி, அண்ணனின் மூன்று வயது மகள், நான் மட்டும்தான்.

வண்டி வந்த சில நாளில் அம்மா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வண்டி எப்ப ஓடும்னு கேக்கறா."

"அது எங்கம்மா ஓடும்? எடைக்குப் போடணும்."

"ஓடணுமாம்."

"எதுக்காம்?"

அம்மா குழம்பை ஊற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இத்தா முடிஞ்ச அன்னிக்கி அவ அண்ணனுங்க எலவனாசூர்கோட்டையிலேருந்து வேன் எடுத்துக்கினு வருவாங்க. பொறந்த வூட்டு வண்டில ஏறிப் போனா அது போனதுதான்டா. இருவத்தஞ்சு வயசு. அங்க வேற எடம் பாப்பாங்க, தப்பும் கெடையாது. நம்ம வண்டில போனான்னா விருந்துக்குப் போனவ. நாலு நாள் இருந்துட்டு நம்ம வூட்டுக்கு வரலாம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அண்ணி அப்படிச் சொன்னாங்களா?"

"வண்டி எப்ப ஓடும்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா."

இது எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லாத சட்டம். ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கணவனை இழந்த எதிர் வீட்டு மருமகள் அப்படி வேனில் ஏறிப் போனதையும், பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விழுந்துபோனதையும் பார்த்திருக்கிறோம். நான் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு, கடையிலிருந்து ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தேன்.

என் கடை மோட்டார் உதிரிபாகக் கடை. ஃபேன் பெல்ட் விற்பேன், ஆயில் சீல் விற்பேன். கழற்றி மாட்டவும் ஓரளவு தெரியும். அண்ணன் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "நீ ஸ்க்ரூவ பொட்டலம் கட்டற ஆளு. மாட்டற ஆளு வேற" என்பார். அந்த அம்பாசிடர் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு கை மாறிய பழைய மாடல். கியர் கீழே இருக்காது, ஸ்டீரிங் தண்டிலேயே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கர வட்டத்துக்கு நீல ஒயரை நெருக்கமாகச் சுற்றி வைத்திருந்தார் அண்ணன். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங்கின் நடுக்கம்பி இரண்டும் தராசுத்தண்டுபோல மட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

தம் கல்யாணத்துக்குத் தாமே வண்டி ஓட்டிப்போய்ப் பெண்ணை அழைத்து வந்த மாப்பிள்ளை அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், அவர் கேட்கவில்லை. முதல் நாள்தான் ஒரு மெக்கானிக் ஸ்டீரிங்கைக் கழற்றி மாட்டியிருந்தான். வரும் வழியெல்லாம் கம்பி சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், தியாகதுர்கத்தில் ஒரு பட்டறை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். புதுப்பெண் ஜரிகைச் சேலையோடு பின்சீட்டில் வெந்துகொண்டிருக்க, மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடுங்கி, தண்டு முனையில் இருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினார். எங்கள் வீட்டுப் பெண்கள் பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சண்டை போட்டார்கள். "வாழ்க்க பூரா கோணலாவா ஓட்டச் சொல்றீங்க?" என்று அண்ணன் கேட்டார். அண்ணி முக்காட்டுக்குள் சிரித்ததை அன்று நான் பார்த்தேன்.

அந்த ஸ்டீரிங்கைத்தான் இப்போது கழற்றினேன். ஒயர் கறுத்துப் போயிருந்தது. நடு நட்டைக் கழற்றி வட்டத்தை எடுத்து ஒரு சாக்கின்மேல் வைத்தேன். அதன்கீழே வெளிக்குழாய், அதற்குள் தண்டு, பக்கத்தில் கியர்க் கம்பி. வெளிக்குழாய் நசுங்கியிருந்தது, தண்டு வில்லாக வளைந்திருந்தது. பழைய வண்டிகளில் தண்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே இரும்பு. முன்னால் அடி வாங்கினால் மடங்கிக்கொடுக்காது, ஓட்டுகிறவன்மேல்தான் வந்து நிற்கும். கடையில் அதன் பாகங்களை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். அண்ணி இருந்த அறையின் ஜன்னல் கொல்லைப் பக்கம்தான். கதவு சாத்தியே இருக்கும். நான் சுத்தியலை எடுத்தால் உள்ளே குழந்தையை அதட்டும் சத்தம் நின்றுவிடும். நான் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து "இன்னாடா ஆச்சு, சத்தத்தக் காணோம்னு கேக்கறா" என்பார். எனக்குச் சலிப்பாக இருக்கும். சலிப்பு ஒன்றுதான் அப்போது எனக்கு ஒழுங்காக வந்த உணர்ச்சி.

ஊர் மெக்கானிக்குகள் யாரும் வரவில்லை. "சாவு பாத்த வண்டிங்க. வூட்ல வெச்சிக்காதீங்க" என்று கடைக்கே வந்து புத்தி சொன்னார்கள். வேறு வண்டியிலிருந்து கழற்றிய தண்டு கிடைக்குமா என்று விழுப்புரம், சேலம் என்று சொல்லி வைத்தேன். கியர் மேலே இருக்கிற மாடலுக்கு யாரிடமும் இல்லை. கடைசியில் வளைந்த தண்டையே சாக்கில் சுற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் சாலையில் இருந்த லேத்துப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் ஐம்பதை நெருங்கிய ஆள். தியாகதுர்கத்துக்குக் கிழக்கே களமருதூர்ப் பக்கத்துக்காரர். என்னிடம் பேரிங் வாங்குகிற வாடிக்கைதான். சாக்கைப் பிரித்ததும் அவர் கை நின்றது.

"அண்ணன் வண்டியதுங்களா?"

"ஆமாங்க. நிமுத்த முடியுமா?"

"சூடு காட்டக் கூடாதுங்க, இரும்பு செத்துப்பூடும். பச்சையாவே அழுத்தி அழுத்தித்தான் எடுக்கணும். நாள் ஆவும்."

நாள் ஆனது. மற்ற வேலை முடிந்த சாயங்காலங்களில்தான் அதைக் கையில் எடுப்பார். தண்டை இரண்டு கட்டைமேல் கிடத்தி நான் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுவேன். அவர் சாக்பீஸை அசையாமல் பிடித்திருப்பார். மேடாக இருக்கும் இடத்தில் வெள்ளைக்கோடு விழும். அந்த இடத்தை மட்டும் அழுத்துகிற மெஷினில் வைத்து ஒரு அழுத்து. மறுபடி சுற்று, மறுபடி கோடு. நாங்கள் பேசிக்கொள்வதே கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆறுதல் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"அந்த மரத்த அறுத்ததுல நானும் இருந்தேன்."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"மறியல்னு பட்டறைய மூடிட்டு ஊருக்குப் போனேன். எந்தம்பி படிச்சிட்டு ஏழு வருசமா வூட்ல குந்திக்கினு கெடக்கறான். எனக்கும் ஆத்திரந்தான். ரம்பத்துல ஒரு பக்கம் நான் புடிச்சேன். பஸ்ஸு நிக்கணும்னுதான் சாச்சோம். முடிஞ்சதும் ஓரமா உருட்டி வுட்டோம். அடிப்பக்கம் ரோட்டுமேல நீட்டிக்கினு இருந்துச்சின்னு யாரும் பாக்கல. நானும் பாக்கல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சாக்பீஸைத் தண்டிலிருந்து எடுக்கவும் இல்லை. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கையில் இருந்த தண்டாலேயே அடித்திருந்தாலும் கேட்க ஆளில்லை. கோபத்தை வரவழைத்துக்கூடப் பார்த்தேன். அண்ணனின் முகத்தை நினைத்தேன், அந்த விடியற்காலையை நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாம் உண்மையிலேயே கல்லாகிவிட்டோமா என்று தோன்றியது.

"கோடு எங்க வுழுதுன்னு பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். கோடு வரைந்தார். அழுத்தினார். தண்டு நேராகிற வரை மறுபடி அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. வண்டியை ஓட வைக்க அந்த ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

பொங்கல் கழிந்த வாரத்தில் தண்டு குழாய்க்குள் இறங்கியது. முன்பக்கத்தை ஒரு பாடி கட்டுகிறவர் தட்டிக்கொட்டி ஒப்பேற்றியிருந்தார். இத்தா முடிய இரண்டு நாள்தான் இருந்தது. லேத்துக்காரர் அவராகவே கொல்லைக்கு வந்து, தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"மலையில ஓட்டிப் பாத்துட்டுத்தான் பொம்பளைங்கள ஏத்தணும். நானும் வரேன்."

"எதுக்குங்க நீங்க?"

"நிமுத்தனது நான். ஒடிஞ்சா நானும் இருக்கணும்ல?"

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலைமேல் வண்டி ஏறியது. வளைவுக்கு வளைவு ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தேன், முழுசாகத் திருப்பினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவர் இடது பக்கத்து சீட்டில், கதவைக்கூடப் பிடிக்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளம் பக்கம் வண்டி ஒதுங்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடாமல் பார்த்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிமலையில் நிறுத்தி டீ குடித்தோம். கடுக்காய் மூட்டையோடு பஸ்ஸுக்காக நின்ற மலைக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பழசுன்னாலும் நல்லா கீதே" என்றார். லேத்துக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூஞ்சியைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இறங்கி வந்த பிறகு ஹாரன் வேலை செய்யவில்லை. அதன் ஒயர் தண்டுக்குள்ளாக வந்து நடுப்பொத்தானில் சேரும். இத்தா முடிகிற நாள் காலையில் ஸ்டீரிங் வட்டத்தை மறுபடி கழற்றி, ஒயரைச் சரி செய்து, திரும்பப் பல்லில் உட்கார வைத்து நட்டை இறுக்கினேன். கூடத்தில் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் எலவனாசூர்கோட்டை வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. என் கைகள் என்னுடையவை மாதிரியே இல்லை. துடைத்துக்கொண்டு, வண்டியைக் கொல்லையிலிருந்து எடுத்து வேனுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அண்ணியின் அண்ணன் நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு சலாம் சொன்னார். வண்டியைப் பார்த்ததும் மட்டும் முகம் கொஞ்சம் மாறியது. உள்ளேயிருந்து அண்ணியின் தகரப்பெட்டி, துணி மூட்டை, குழந்தையின் பழைய நடைவண்டி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வேனில் ஏறின. நடைவண்டி ஏறியபோது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. விருந்துக்குப் போகிறவர்கள் நடைவண்டியை ஏற்றிக்கொண்டு போவதில்லை. அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அண்ணி வந்தார். நாலு மாதத்துக்கு மேலாகப் பார்க்காத ஆள். முகம் பாதியாகியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவர் அண்ணன் வேன் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறும்மா."

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனைத் தாண்டி நடந்து வந்து அம்பாசிடரின் பின்கதவைத் திறந்தார். "மாமி, வாங்க" என்றார். அம்மா ஓடி வந்து ஏறிக்கொண்டார். பெட்டி அந்த வண்டியில், ஆள் இந்த வண்டியில். இதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வேன் முன்னால் போக, நான் பின்னால் எடுத்தேன்.

தியாகதுர்கம் சாலை நேரானதும்தான் பார்த்தேன். வண்டி அம்பு மாதிரி நேராகப் போகிறது, ஸ்டீரிங் கம்பி மட்டும் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. காலையில் ஒரு பல் தப்பி மாட்டியிருக்கிறேன். பொட்டலம் கட்டுகிற ஆள்தானே. ஓட்டத்துக்கு அதனால் ஆபத்தொன்றும் இல்லை. ஆனாலும் பின்சீட்டுக்குத் தெரியாதபடி வட்டத்தை மணிக்கட்டால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

தியாகதுர்கத்துக் கடைத்தெரு வந்தது, போனது.  அப்புறம் அந்த இடம் வந்தது. மரத்தை எடுத்துப்போயிருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் ஓரத்தில் இருந்தது, அதைச் சுற்றிப் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. அம்மா வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். நான் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை. அண்ணி அழப்போகிறார், அழுதால் வண்டியை நிறுத்த வேண்டுமா கூடாதா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டை பின்னால் போன பிறகு அண்ணியின் குரல் வந்தது. அம்மா வழியாக இல்லாமல், நேராக என்னிடம்.

"தம்பி, ஸ்டீரிங் கோணலா கீது."

"ஆமாங்க அண்ணி. காலையில மாட்டும்போது ஒரு பல்லு தவறிடுச்சி."

"அவரா இருந்தா தியாகதுர்கத்துலயே நிறுத்தியிருப்பாரு."

 சாலை கலங்கியது. அத்தனை மாதமும் வராதது வந்துவிட்டது என்று தெரிந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன்.

"ரெண்டு கையாலயும் புடிங்க" என்றார் அண்ணி. குழந்தையை மடியில் நேராக உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். "திரும்பி வரும்போது நிறுத்தி மாட்டிக்கலாம்."